ஈக்களுக்குப் பிடித்த கால்

கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டு ஆற்றோரப் பாறையில் உட்கார்ந்திருப்பது அவர் வேலை. காலில் ஈ வந்து உட்கார வேண்டும். அது கடிப்பதற்குள் சின்னக் கண்ணாடிக் குழாயை அதன் மேல் கவிழ்த்து, குழாயின் வாயை மூடிப் பெட்டியில் போட வேண்டும். மாலையில் பெட்டி ஆய்வுக்கூடத்துக்குப் போகும்.

"உக்காந்துக்கிட்டே சம்பளம் வாங்குற ஆளு நீ ஒருத்தன்தான்டா," என்பார் அவருடைய அக்கா. ஆறு வளையும் இடத்தில்தான் அக்கா வீடு. ஒரு விடுதியின் துணிகளைத் துவைத்துக் கொடுத்துப் பிழைப்பவர்.

"சும்மா உக்காரலக்கா. ரத்தம் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவர் பிடித்தது கரும் ஈ. எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது, கூன் முதுகு. சிமுலியம் என்பது அதன் பேரினத்தின் பெயர். அந்தப் பேரினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. சில பறவைகளைத் தேடிப் போகும், சில மாடுகளை, சில மனிதர்களை. கடிப்பது பெண் ஈ மட்டும்தான். தேங்கிய தண்ணீர் இவற்றுக்கு ஆகாது. வேகமாக ஓடும் தண்ணீரில், கல்லையும் இலையையும் பற்றிக்கொண்டு இவற்றின் புழுக்கள் வளரும். அந்த ஆற்றில் இருந்த இனம், ஒருவர் தோலிலிருந்து இன்னொருவர் உடம்புக்கு நோயைக் கொண்டுபோகும் இனம். முதலில் அரிப்பு வரும். வருடக்கணக்கில் கடிபட்டால் பார்வையே போகும். அதனால்தான் அரசாங்கம் ஆற்றில் மருந்து ஊற்றியது, கரையோர வீடுகளுக்கு மாத்திரை கொடுத்தது. மருந்து வேலை செய்கிறதா என்பதைப் பிடிபட்ட ஈக்களை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், இவர் காலை வைத்து.

அந்தக் கால் சாதாரணக் கால் அல்ல. அதே பாறையில், அதே நேரத்தில் வேறு யார் உட்கார்ந்தாலும் ஏதோ சில ஈக்கள் வரும். இவர் உட்கார்ந்தால் பெட்டி நிறையும். வியர்வை வாசனையாக இருக்கலாம் என்றார்கள். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் இனிப்புக்கால்.

"என்ன இனிப்புக்கால், இன்னிக்கு எத்தனை மாப்பிள்ளைங்க வந்தாங்க?"

"கடிக்கிறதெல்லாம் பொண்ணுங்க சார். மாப்பிள்ளை நான்தான்."

இப்படி எதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருப்பார். அவர் வாயைத் திறந்தாலே சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

வீட்டில் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "கால் சல்லடையா போச்சு. சொறியுற சத்தத்துல பிள்ளைங்க தூங்க மாட்டேங்குதுங்க. மாத்தல் கேளுங்க. இல்லன்னா உங்க அக்கா வீட்லயே இருந்துக்கங்க." கேட்டார், கிடைத்தது. நகரத்தில் மருந்துக் கிடங்கு, மின்விசிறிக்கு அடியில் நாற்காலி. பாறைக்கு வேறொருவர் வந்தார். ஈக்கள் அந்த மனிதரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிடிபட்ட ஈக்களின் எண்ணிக்கை அந்த மாதமே சரிந்தது, பிறகு ஏறவே இல்லை. கூட்டம் போட்டு அதிகாரி சுவரில் படம் காட்டினார். "மருந்து ஜெயிச்சிடுச்சு. அந்த ஆத்துல ஊத்துறத நிறுத்திடலாம். மாத்திரையும் இனி தேவையில்ல."

கைதட்டல். கடைசி வரிசையில் தேநீரோடு உட்கார்ந்திருந்த இனிப்புக்காலுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. எழுந்து சொன்னார்: "சார், ஈ எதுவும் குறையல. என் காலு இங்க வந்திடுச்சு, அவ்வளவுதான்."

அறையே அதிர்ந்தது. அதிகாரி கண்ணீர் வரச் சிரித்தார். "உன் காலுக்கு ஒரு பாராட்டு விழா வெச்சிடலாம்யா!"

அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். அதிகாரியின் அறைக்குத் தனியாகப் போயிருக்கலாம். நம்பினால் மறுநாளே பாறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. தேநீரைக் குடித்து முடித்துவிட்டுக் கிடங்குக்குத் திரும்பினார்.

மருந்து நின்றது. அடுத்த மழைக்காலத்தில் அக்கா தொலைபேசியில் சொன்னார்: "துணி அலச விடமாட்டேங்குதுடா, அப்படி மொய்க்குது."

"மழைக்கா. தண்ணி வடிஞ்சா போயிடும்."

மழைகள் வந்தன, போயின. ஈ போகவில்லை. அக்காவுக்கு முதுகிலும் தொடையிலும் அரிப்பு, பிறகு தோல் தடித்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோப்பை மாற்றினார். கடைசியில் ஒருநாள் தம்பியைக் கூப்பிட்டுப் புலம்பினார்.

"விடுதிக்காரன் விரிப்பையெல்லாம் திருப்பி அனுப்பிட்டான்டா. கறை அப்படியே இருக்காம். எனக்கு ஒரு கறையும் தெரியலையே!"

அன்றே வந்து அக்காவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். வலது கண்ணை இனி ஒன்றும் செய்ய முடியாது, இடது கண்ணை மாத்திரையால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் மருத்துவர்.

அதற்குப் பிறகுதான் அதிகாரியின் அறைக்குள் போனார். பழைய அதிகாரி ஓய்வு பெற்றிருந்தார், புதியவருக்கு இவரைத் தெரியாது. அவர் சிரிக்காமல் கேட்டார். இவரையும் இவருக்குப் பதிலாகப் பாறைக்கு வந்தவரையும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் பெட்டி கிட்டத்தட்டக் காலி, இன்னொருவருடையது நிறைந்து வழிந்தது. மருந்தும் மாத்திரையும் திரும்ப வந்தன. இவரும் தானே கேட்டுப் பாறைக்குத் திரும்பினார். இந்த முறை மனைவி எதுவும் சொல்லவில்லை.

அக்கா இப்போது துவைப்பதில்லை. வேறொருத்தி துவைத்ததை மடித்துக் கொடுப்பதோடு சரி. ஒரு மத்தியானம், சாப்பிட வந்த இடத்தில், அந்தக் கூட்டத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் அக்காவிடம் சொன்னார்.

"என் காலு இங்க வந்திடுச்சுன்னா சொன்ன? அப்படியேவா?"

"ஆமாக்கா."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்டா." மேல்மூச்சு வாங்கச் சிரித்தார். திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு நின்ற பிறகு அக்கா மெதுவாகச் சொன்னார்: "இன்னொரு தடவ சொல்லியிருக்கலாம்."

அக்கா மடியில் கிடந்த விரிப்பின் மூலையைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார். தம்பி எழுந்துபோய் அதை எடுத்து அக்கா கையில் கொடுத்தார்.