ஒரு சுண்டு சீனி

யோசப்பின் குருநகரில் மீன் விற்கிறவள். ஊர் அவளைச் 'சீனி அக்கா' என்றுதான் கூப்பிடும். உள்ளூர் ரீவியில் ஞாயிறுதோறும் போகிற சிரிப்பு நாடகத்தில் பக்கத்து வீட்டுக்காரி அவள்தான். அரிசி அளக்கிற சுண்டுப் பேணியை வெறுமையாகக் கொண்டு வருவாள். "ஒரு சுண்டு சீனி தாங்கோ பிள்ளை" என்பாள். பதிந்து வைத்த சிரிப்பு எழும்பும். வாங்கிய சீனியை ஒருநாளும் திருப்பிக் கொடுத்ததில்லை. வேடமே அவ்வளவுதான்.

கடைசிப் பாகத்தில் சீனி கொடுக்கிற வீட்டுச் சனம் கனடா போய்விடுகிறது. சீனி அக்கா வந்து, பூட்டைப் பார்த்துத் திகைத்து, வாளிக்குள் கால் வைத்து விழவேண்டும். என்ன கண்றாவி! அவளுடைய சொந்த மகன் சுபாஸ் குடும்பத்தோடு கனடா போன அன்று அவன் வீட்டைப் பூட்டினவளே யோசப்பின்தான். அப்போது அவள் எந்த வாளிக்குள்ளும் விழவில்லை.

படப்பிடிப்புக்குப் பேணி நிறையச் சீனி கொண்டுபோனாள். கதவைத் தட்டினாள். "பிள்ளை, சீனி கொண்டந்திருக்கிறன்." பூட்டைக் கண்டாள். சீனி சிந்தாமல் பேணியைக் கையால் மூடிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். பிறகு வாளியை விலத்தி நடந்து போனாள்.

இயக்குநர் றோய் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, சனம் சிரிக்கத்தானே பாக்குது?"

"இவ்வளவு நாளும் சிரிச்சது காணும் தம்பி. அந்த இடத்திலை மட்டும் சிரிப்புப் போடாதை."

"பாப்பம்," என்றான்.

அந்த ஒரு சொல் அவளைக் கிழமை முழுக்கத் தின்றது. பாரை மீன் கேட்டவருக்குச் சூடையை நிறுத்துக் கொடுத்தாள். புருசன் அடைக்கலநாதனோடு காரணமில்லாமல் கொளுவினாள். செபமாலை சொல்லும்போதும் மனம் அந்தப் பூட்டடியிலேயே நின்றது.

ஞாயிறு பின்னேரம் ரீவிக்கு முன்னால் இருக்கவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. பூட்டு வந்தது. நிறைந்த பேணி வந்தது. சிரிப்பும் வந்தது, வழமையைவிடப் பலமாக.

"நாசமாப் போவான்!" என்று குசினிக்குள் போய்ச் சட்டிகளை உருட்டினாள்.

அடுத்த நாள் சந்தைக்குப் போகவே கூசியது. என்றாலும் போனாள். வாடிக்கையாக மீன் வாங்குகிற முத்துக்குமாரு வந்தார். மகள்மார் இரண்டு பேரும் லண்டனில், தனி ஆள். "சீனி அக்கா, சீனி இருக்கே?" என்று கெக்கட்டம் விட்டுச் சிரிக்காமல் அவர் மீன் வாங்கினதே இல்லை. யோசப்பின் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் சும்மா மீனைப் புரட்டிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி," என்றார் கடைசியில். "அந்தச் சீனியை என்ன செய்தனீர்?"

அவள் மீன் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்தாள்.

"வைச்சிருக்கிறன் அண்ணை. அவையள் வந்தால் குடுக்கவேணுமெல்லே."