பார்சல் கட்டுகிறவருக்கு இருபது ரூபாய்

பார்சல் வாங்குகிற இடத்தில் டிப்ஸ் வைக்க வேண்டுமா, வேண்டாமா என்று எங்கள் ஆபீஸில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டே இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஒரு காபிக் கடை. நாமே வரிசையில் நின்று, நாமே காசு கட்டி, பேரைக் கூப்பிட்டதும் நாமே போய் எடுத்துக்கொண்டு வர வேண்டும். இத்தனைக்கும் பிறகு, கார்டு தேய்க்கிற மிஷின் டிப்ஸ் எவ்வளவு என்று கேட்கிறது. பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி வேறு. நியாயமாகப் பார்த்தால் அவர்கள்தான் நமக்கு டிப்ஸ் தர வேண்டும் என்பது என் பக்கத்து சீட்டுக்காரியின் கட்சி. நான் வாதாடுவதில்லை. ஜாடியில் போட்டுவிட்டு வந்துவிடுவேன். பெரிய தர்மப்பிரபு என்று கேலி செய்கிறார்கள், செய்துவிட்டுப் போகட்டும். இது மாமாவிடமிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நான் நாலாம் வகுப்பு படிக்கையில் அவர் துபாயில் சூப்பர்வைசராக இருந்தார். எதற்கு சூப்பர்வைசர் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. அந்த வார்த்தையே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. மாதம் தவறாமல் பணம் வந்தது. லீவில் வரும்போது சென்ட்டு பாட்டிலும் எனக்கு சாக்லேட்டும் வந்தன. இதற்கு மேல் ஒரு உத்தியோகத்தைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது?

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் இருக்கிற பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்குச் சூளையில் வேலை. அம்மாவின் தங்கையான சித்தியும் எங்களோடுதான் இருந்தாள். பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அவள் வேலை. அம்மாவைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் இல்லாததால் சித்தியின் கல்யாணம் மாமாவின் பொறுப்பு. முந்தின லீவில் கூடிவந்த சம்பந்தம் ஒன்று, வீடு ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்ற காரணத்தால் தட்டிப்போயிருந்தது. இந்த லீவிலும் அமையாவிட்டால் அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். சித்தி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் அவள் கண் எழுதிய பொம்மைகள் எல்லாம் ஒரு மாதிரி முறைத்துக்கொண்டிருந்ததாக அப்பா சொல்லுவார்.

தரகர் ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சொந்தமாக ஹோட்டல், ஒரே பையன். கூடவே ஒரு போட்டோ. கோட்டு சூட்டு போட்டு, முகத்தை ஸ்டூடியோவில் வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். அதைக் கொண்டு மாப்பிள்ளையை அவரைப் பெற்றவளாலேயே அடையாளம் சொல்ல முடியாது. பெண் பார்க்க அவர்கள் வருவதற்கு முன்னால், பெண் வீட்டிலிருந்து யாராவது ஒருத்தர் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பையனை நோட்டம் விட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். மாமா போனார். சந்தேகம் வராமலிருக்க என்னையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டார்.

சாயங்கால நேரம். பார்சல் கவுண்டரில் ஒரே தள்ளுமுள்ளு. கல்லாவில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். விரலுக்கு விரல் மோதிரம், மடிப்புக் கலையாத சட்டை. மாமா என் தோளைத் தட்டி, அவருதான் மாப்ள, நல்லா பாத்துக்க, என்று காதில் சொன்னார். நானும் நன்றாகப் பார்த்தேன். அவர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சில்லறை கொடுத்தார். அதுவே மாமாவுக்குப் பிடித்துவிட்டது.

டோக்கனை வாங்கிக்கொண்டு பார்சல் பக்கம் போனோம். அங்கே தலையில் துண்டு கட்டிய ஒருத்தர், பேப்பரில் இலையைப் போட்டு, இட்லியை வைத்து மடித்து, நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் சாம்பார் கவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. பெண்ணாடம் பஸ் கிளம்பிவிட்டது என்று ஒருத்தர் கத்த, என்னுது என்னாச்சு என்று இன்னொருத்தர் கத்த, அந்த மனுஷன் பாவம், ரெண்டு கையை வைத்துக்கொண்டு என்னதான் செய்வார். வாய் கட்டாத சாம்பார் கவர் ஒன்று சரியப் போனது. மாமா சட்டென்று கையை நீட்டி அதைப் பிடித்தார். ரப்பர் பேண்டு ஒன்றை எடுத்து ஆள்காட்டி விரலில் மாட்டினார். ஒரே சுத்து. கவர் பலூன் மாதிரி விறைப்பாக நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை. எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. துண்டு கட்டியவரும் ஒரு நொடி வேலையை விட்டுவிட்டு மாமாவின் கையைப் பார்த்தார்.

எங்கள் பார்சல் கைக்கு வந்ததும் மாமா இருபது ரூபாய் நோட்டு ஒன்றைக் கவுண்டரில் வைத்தார்.

"காசு கல்லாவுல குடுங்கண்ணே," என்றார் அவர்.

"அது குடுத்தாச்சு. இது ஒனக்கு, தம்பி. டீ குடி."

அவர் நோட்டையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். எங்கள் ஊரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு சோம்புத் தட்டில் சில்லறை விட்டு வருவார்களே தவிர, பார்சல் கட்டுகிறவருக்கு யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. கடைசியில் அவர் நோட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். வரும் வழியில் பால்கோவா கேட்டதற்குப் பல் சொத்தையாகும் என்றவர், யாரோ ஒருத்தருக்கு முழுசாக இருபது ரூபாய் கொடுக்கிறார். ஏன் மாமா குடுத்தீங்க என்று மொபெட்டில் பின்னாலிருந்து நச்சரித்தேன். அவர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிய பிறகுதான் பதில் சொன்னார். "ஒக்காந்து சாப்புடறவன் எலை போட்டவன் மூஞ்சியப் பாப்பான். பார்சல் வாங்குறவன் பொட்டலத்தத்தான் பாப்பான். கட்டுறவன் மூஞ்சிய எவன் பாக்குறான், சொல்லு?" வீட்டுக்கு வந்து மாப்பிள்ளை ராஜா மாதிரி இருக்கிறார், மோதிரத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்று மாமா சர்டிபிகேட் கொடுத்தார். பார்சல்காரருக்குத் தண்டமாக இருபது ரூபாய் கொடுத்த கதையை நான் எல்லோரிடமும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். மாமா சென்ட்டு அடித்துக்கொண்டு வாசலில் நின்றார். காரிலிருந்து முதலில் மாப்பிள்ளையின் அப்பா, பிறகு அம்மா இறங்கினார்கள். மூன்றாவதாக இறங்கினவரைப் பார்த்ததும் மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. துண்டு இல்லை, தலை வாரியிருந்தது, மற்றபடி அதே பார்சல்காரர்தான். மோதிரக்காரர் கடைக்குச் சம்பளத்துக்கு வந்த மேனேஜர் என்பது பிறகுதான் தெரிந்தது.

மாமா கும்பிட்ட கையோடு நேராக அடுப்படிக்கு வந்துவிட்டார். அம்மா கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். சித்தி புடவை கட்டி, பூ வைத்துத் தயாராக நின்றாள்.

"அக்கா, மோசம் போயிட்டன். நான் இருவது ரூவா குடுத்தன்ல, அவருதான் மாப்ள."

"அட பாவி!" என்றாள் அம்மா. கரண்டி கையில் அப்படியே நின்றது. "தம்பின்னு வேற கூப்ட்டியாடா?"

"டீ குடின்னு வேற சொன்னன்க்கா."

சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா என் பக்கம் திரும்பி, வாயைத் தொறந்தா தோல உரிச்சிடுவன், என்றாள். அன்றைக்கு நான் மூச்சு விடுவதற்குக்கூட யோசித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து பேசினார். எங்க வூட்டுல யாரும் ஒருத்தர்கிட்ட கைநீட்டி நின்னதில்லீங்க, நாங்கதான் நாலு பேருக்குச் சம்பளம் குடுக்குறோம், என்றார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டு கேசரியை வழித்து வழித்துச் சாப்பிட்டார். ஒரு தட்டு முடிந்து இரண்டாவது தட்டும் ஆயிற்று. தலை நிமிராமலிருக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. மாப்பிள்ளை அந்த இருபது ரூபாய் விஷயத்தை எந்த நிமிஷம் எடுப்பாரோ, எடுத்தால் இந்த அம்மாள் எழுந்து நடையைக் கட்டிவிடுவாரே என்று எங்கள் வீட்டில் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாப்பிள்ளையின் அப்பா எட்டிப் பார்த்து, தம்பிக்கு அங்க என்ன வேலைங்க, என்று கேட்டார்.

"சூப்பர்வைசருங்க," என்றார் மாமா, கேசரித் தட்டைப் பார்த்து.

மாப்பிள்ளை தலையைத் தூக்கி மாமாவை ஒருமுறை பார்த்தார்.

பிறகு, பெண்ணும் பையனும் ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று கொல்லைப்பக்கம் அனுப்பினார்கள். துணைக்கு நான். கூடவே நில்லு, எதையும் காதுல வாங்காத, என்று அம்மா சொல்லி அனுப்பினாள். இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது என்று அவள் சொல்லித் தரவில்லை. அங்கே மதில் மேல் சூளையில் வெடித்துப்போன பொம்மைகளை சித்தி வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். அதை ஒட்டி மூன்று பேரும் நின்றோம்.

"உங்க அண்ணன் கடைக்கு வந்திருந்தாருங்க," என்றார் அவர்.

"ஆள் தெரியாம குடுத்துட்டாருங்க. மனசுல வெச்சிக்காதீங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தார். நாலாக மடித்திருந்தது. "எங்க அப்பா கடையில எனக்கு சம்பளம்லாம் கெடையாதுங்க. வண்டிக்கு பெட்ரோல் போடணும்னாகூட அம்மாகிட்டதான் நிக்கணும். நான் செஞ்ச வேலைக்குன்னு ஒருத்தர் குடுத்த மொத காசு. செலவு பண்ண மனசே வரல."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்தபடியே கேட்டார்: "அண்ணன் அங்க ஹோட்டல்ல இருக்காரா?"

"இல்லீங்க. சூப்பர்வைசரு."

"ஒரே சுத்துல சாம்பார் கவர் கட்டுனாருங்க. நானும் இத்தன வருசமா கட்டுறேன், எனக்கு அப்படி வராது. நாள் பூரா நின்னு, ஆயிரக்கணக்குல கட்டுனாதான் அந்தக் கை…" என்றவர் சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். "சூப்பர்வைசருன்னா எல்லா வேலையும் தெரிஞ்சிருக்கணும் இல்லீங்களா. அதான்."

சித்தி திரும்பி நின்று, வரிசை கலையாமல் இருந்த பொம்மை ஒன்றை எடுத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் நோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பாப்பா எந்த கிளாஸ் படிக்கிற, என்று என்னைக் கேட்டார். சித்தியை அழவைத்த ஆளுக்கு நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?

போய்த் தகவல் சொல்றோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் காரேறினார்கள். கார் தெரு திரும்புவதற்குள் அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, என்ன பேசினார்கள் என்று கேட்டாள். நான் என் தீர்ப்பைச் சொன்னேன். "மாப்ள சரியான கஞ்சன்மா. அந்த இருவது ரூவாய செலவே பண்ணாம மடிச்சி வெச்சிருக்காரு. சித்தி அழுதுது." அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். என் கையாலயே கெடுத்துட்டனே, என் கையாலயே கெடுத்துட்டனே, என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கெடவில்லை. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் தரகர் வந்து அவர்களுக்குச் சம்மதம் என்றார். அதற்கு முன்பே சித்தி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, எனக்குப் புடிச்சிருக்கு, என்று சொல்லியிருந்தாள். மாமாவின் லீவு முடிவதற்குள் கல்யாணமும் நடந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு லீவிலும் மாமா கடைக்குப் போய், வரிசையில் நின்று பார்சல் வாங்கி, கவுண்டரில் இருபது ரூபாய் வைப்பார். சித்தப்பாவும் கூச்சப்படாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, டீ குடிச்சிக்கிறேன் மச்சான், என்பார். மாமா கடைசிவரை எங்களுக்கு சூப்பர்வைசர்தான். சித்தப்பாவும் யார் கேட்டாலும் அப்படியேதான் சொன்னார்.

அன்றைக்கு சித்தி, பிடித்திருக்கிறது என்று சொன்னதும் மாமா நம்பாமல், நெசமாவா, நெசமாவா, என்று இரண்டு தரம் கேட்டார். சித்தி படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து விரித்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் மோதிரம் தேய்ந்த மாதிரி கறுப்பாக ஒரு கோடு காய்த்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "சாப்டியாண்ணே?" என்று கேட்டாள்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மாமா இரண்டு தட்டுக் கேசரி சாப்பிட்டதை அவளும்தான் பார்த்தாள்.