மெதுவான மட்டை

கொடைக்கானலில் எங்கள் வீட்டில் எனக்கு எதையும் அளவாக வாங்கியதில்லை. ஸ்வெட்டரின் கைகள் விரல்நுனியைத் தாண்டித் தொங்கும். அம்மா அதை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, "வளர்ற பிள்ளை, அடுத்த வருசம் சரியாப் போகும்" என்பாள். அடுத்த வருடம் அளவு சரியாக இருக்கும், முழங்கைதான் கிழிந்திருக்கும். ஷூவும் மழைக்கோட்டும் அப்படித்தான். நல்ல பிள்ளை என்றால் பெரியதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று நானே முடிவுசெய்து வைத்திருந்தேன்.

ஆறாம் வகுப்பில் எனக்கு டேபிள் டென்னிஸ் பைத்தியம் பிடித்தது. பள்ளி ஹாலில் ஒரே ஒரு மேசை. பனிமூட்டம் உள்ளே வந்தால் பந்து ஈரமாகி வழுக்கும் என்பதால் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ஆடுவோம். பள்ளி மட்டைகளில் ரப்பர் ஓரம் பிய்ந்து தொங்கும். இருந்தாலும் நான் மோசமாக ஆடவில்லை. மாதக் கடைசியில் அணிக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பதாகவும், ஆசையுள்ளவர்கள் சொந்த மட்டை கொண்டுவரலாம் என்றும் பி.டி. மிஸ் சொன்னார். அந்த இருவரில் ஒருத்தியாக வேண்டும் என்பதைத் தவிர அந்த மாதம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அப்பா எங்கள் பள்ளி அலுவலகத்தில்தான் எழுத்தர். ஒரு சனிக்கிழமை வெள்ளனே பஸ் பிடித்து என்னைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போனார். வளைவுகளில் வாந்தி வராமலிருக்க வத்தலக்குண்டு வரை எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே போனேன்.

கடைக்காரர் இரண்டு மட்டைகளை எடுத்து வைத்தார்.

"இது மெதுவான பேட்டு சார். பந்து சொன்ன பேச்சைக் கேக்கும். புதுசாப் பழகுறவங்களுக்கு இதுதான். அது வேகம். தொட்டாப் பறக்கும். நல்லா ஆடிப் பழகினவங்க வாங்குறது."

அப்பா வேகமானதை எடுத்தார். ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தார். "இது எத்தனை வருசத்துக்கு வரும்?"

"கொடைக்கானல்காரங்களா? ஸ்வெட்டர் மாதிரி பேட்டு வாங்க வந்திருக்கீங்களே சார்!" என்று சிரித்த கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா. எது கையில நிக்குது?"

மெதுவானது என் கைக்கென்றே செய்ததுபோல நின்றது. ஆனால் அப்பா மற்றதை இன்னும் கீழே வைக்கவில்லை. நான் அதையே பார்த்தேன்.

"அதுதான் வேணும்ப்பா."

"நெசமாவா தாயி?"

"நெசமாத்தான்."

"இதும் நல்லாத்தான இருக்கு?" என்று மெதுவானதைக் காட்டினார். நான் பலமாகத் தலையாட்டி மறுத்தேன்.

தேர்வன்று என் முதல் பந்து அறிவிப்புப் பலகையில் பட்டது. இரண்டாவது மேடைத் திரைக்குள் போய் மறைந்தது. எதிரே ஆடியவள், "ஏய், மேசை இங்க கெடக்குடி!" என்று கத்தினாள். ஹாலே சிரித்தது. பி.டி. மிஸ், "வேணும்னா ஸ்கூல் பேட்ட எடுத்துக்கோ" என்றார். கதவருகே கையில் ஃபைலோடு அப்பா நின்றிருந்தார். நான் எடுக்கவில்லை. வேறு இரண்டு பேர் அணிக்குப் போனார்கள். அப்பா குனிந்து பெஞ்சுக்கடியில் கிடந்த பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனார். அவர் ஆசையாக வாங்கித் தந்ததை வைத்துக்கொண்டு ஆடத் தெரியாமல் போனோமே என்று நான் அழுதேன்.

போன மாதம் என் மகளுக்கு மட்டை வாங்கவேண்டி வந்தது. பத்து நாள் இணையத்தில் அலசினேன். ஒன்றைக் கூடையில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தேன். கடைசியில் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"மெதுவானதையே வாங்கிடுறேன்ப்பா. அன்னிக்கு நீங்க அந்த வேகமான பேட்டுக்கு ஆசைப்பட்டு..."

"நானா?" என்றார் அப்பா. "கடைக்காரர் சொன்னதுதான் சரின்னு எனக்குப் பட்டுச்சு. நீதான் என் கையில இருந்ததையே பாத்துக்கிட்டு நின்ன. பிள்ளை ஆசப்படுதேன்னு கீழ வைக்க மனசு வரல."

அவர் அதை எப்போது கீழே வைப்பார் என்றுதான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார் என்பது பதினோரு வயதில் எனக்குத் தெரியவில்லை.