ஆட்டு வயிற்றில் வந்த காடு

வேலி முள்ளைச் சரிசெய்துகொண்டிருந்தபோது போன் வந்தது. "அத்தை நம்மள உட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார் பாவாயி அக்காவின் மருமகன். அப்படியே வெள்வேல மர நிழலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நிழலே அக்கா கொடுத்ததுதான் என்பது அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும்.

சங்ககிரிப் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறையில் அக்கா வாட்ச்மேன், நான் ஸ்டோர் கீப்பர். பட்டறையை மூடியதும், சும்மா கிடக்கும் இடத்தைக் காடாக்குகிறோம் என்று முதலாளியிடம் கேட்டோம். "அஞ்சு வருசம் தாரேன். பச்சை புடிக்கலைன்னா சைட் போட்டு வித்துருவேன்" என்றார்.

இரண்டு வருடம் நான் நர்சரியில் வாங்கி நட்ட கன்றுகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. லாரிகள் இறுக்கி, டீசல் ஊறிய தரையில் கடப்பாரையே இறங்காது. மேச்சேரி ஆடுகளை ராத்திரியில் இங்கே அடைத்துக் கிடை போட்டால் புழுக்கை எருவாகும் என்றார் அக்கா. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"மரம் வெக்கற எடத்துல ஆடா? உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சுங்களா?" என்று கத்திவிட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டு போனேன். வாட்ச்மேனிடம் இன்னொரு சாவி இருக்கும் என்பதை மறந்துவிட்டேன். வீம்புக்கு நான் எட்டிப் பார்க்காத அந்தச் சித்திரை முழுக்க உள்ளே கிடை கிடந்தது.

மழைக்குப் பிறகு போனால், தரையெங்கும் முள்செடி. சீமைக்கருவேலம் என்று முடிவுகட்டி, பிடுங்க ஆள் கூட்டி வந்தேன். அக்கா குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"இது வெள்வேலுங்க சாமி. காய் தின்ன ஆட்டு வவுத்துல இருந்து வந்தது. நீங்க வெச்சது பொழைக்கல, ஆடு வெச்சது பொழைச்சிருச்சு. இதுல கைய வெச்சீங்கன்னா அடுத்த கிடை உங்க ஊட்டு வாசல்லதான்."

கூலிக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றே இருவரும் வேலி கட்டத் தொடங்கினோம்.

கெடு முடிந்த அன்று முதலாளி அளவுக் கற்களோடு வந்தார். செடிகள் தோளுயரம் நின்றன. அவர் காலடியிலிருந்து ஒரு கௌதாரி குஞ்சுகளோடு ஓடியது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றவர், கற்களைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார். முன்பாதி இடத்தைக் காட்டுக்கென்றே எழுதிக் கொடுத்தார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஆட்டுக்கும் ஒரு கும்புடு போடுங்க" என்றார் அக்கா. நான் போட்டேன்.

துக்கம் விசாரிக்க வந்த முதலாளி, "பின்பாதியையும் எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்க அக்கா இருந்திருக்க வேண்டும்.

அவருடைய சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது. வரும் சித்திரையில் பின்பாதியில் கிடை போட ஆடுகள் வரும்போது, கேட்டை நானே திறப்பேன்.