இணையப் பக்கமும் என் வயிற்றெரிச்சலும்

கல்லூரியின் இணையதளத்தில், எங்கள் ஓவியத் துறைப் பக்கத்தில், என் படம் இருந்த இடத்தில் யாரோ ஒரு மாணவியின் கை இருந்தது. நகக்கண் எல்லாம் நீலச் சாயம், விரலிடுக்கில் காய்ந்த களிமண். ஆசிரியர் அறைக் கணினியில் அதை முதன்முதலாகப் பார்த்த நிமிஷம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஒன்பது வருஷம் அந்த இடத்தில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன், பட்டுப் புடவையில் குத்துவிளக்கு ஏற்றியபடி, பக்கத்தில் தாளாளரோடு. அந்தப் பக்கத்தை எழுதியதும் நான்தான். தொலைநோக்கு என்று ஒரு பத்தி, குறிக்கோள் என்று ஒரு பத்தி, அதற்குக் கீழே நான் வாங்கிய பரிசுகள். படிக்க வருகிற பிள்ளைக்கு இதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டவர், சிற்பம் சொல்லித்தரச் சென்னையிலிருந்து புதிதாக வந்த மேடம். என்னைவிடப் பதினோரு வயது சின்னவர்.

அந்த வருஷம் பதினைந்து பேராவது சேராவிட்டால் துறையை மூடிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. முந்தைய வருஷம் சேர்ந்தது ஆறு பேர். பக்கத்தைப் புதிதாகச் செய்யும் வேலையை முதல்வர் என்னிடம் தரவில்லை, வந்து ஒரு மாதம்கூட ஆகாத அவரிடம் தந்தார். அவர் கணினி முன்னால் உட்காரவே இல்லை. கேன்டீனில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, "இங்க சேர்றதுக்கு முன்னாடி எதுக்குப் பயந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் சொன்னதையெல்லாம் அப்படியே பக்கத்தில் போட்டார். வரையவே தெரியாதவர் வரலாமா, அப்பாவிடம் என்ன சொல்வது, படித்து முடித்தால் வேலை உண்டா. ஒவ்வொன்றுக்கும் நாலே வரியில் பதில். எங்களிடம் படித்த ஒருத்தி துணிக்கு டிசைன் போடுகிறாள், ஒருவன் செங்கம் சாலை ஓட்டல்களுக்குச் சுவரில் படம் எழுதுகிறான், இன்னொருத்தி பள்ளியில் டிராயிங் டீச்சர் என்று எழுதியிருந்தார். அவர்கள் எல்லாரும் என்னிடம் படித்தவர்கள். அவர்களைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பக்கம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிந்தது. மோசமாக இருந்திருந்தால் நானே பாராட்டியிருப்பேன். சந்தேகம் கேட்க என் மேசைக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் அவர் மேசையைச் சுற்றி நின்றார்கள். அவர் அள்ளி முடிந்த கொண்டையைப் போலவே இரண்டு பெண்கள் முடிந்துகொண்டு வந்தார்கள்.

பிளஸ் டூ முடிவு வந்தபோது பிள்ளைகள் விடுமுறைக்குப் போயிருந்தார்கள். சேர விரும்புகிறவர்கள் பெற்றோரோடு வந்து துறையைப் பார்க்க ஒரு நாள் வைக்கலாம் என்றார் அவர். ஒரு சனிக்கிழமையைக் குறித்து, பக்கத்தில் போடுவதற்கு முன் என்னிடம் காட்டினார். முதல்வர் வேலூரிலிருந்து வந்துபோகிறவர், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். "நீங்க ஊர்க்காரங்க மேடம், ஒரு தடவை பாத்துடுங்க. தப்பா இருந்தா சொல்லுங்க."

நான் அடி அண்ணாமலைக்காரி. எங்களுக்குக் கிழமை மறந்தாலும் பௌர்ணமி மறக்காது. அந்தச் சனிக்கிழமை வைகாசிப் பௌர்ணமி. மலை சுற்ற ஊரே நிரம்பி வழியும். பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், ஆட்டோ உள்ளே வராது. எங்கள் கல்லூரியோ கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. அன்றைக்குப் பெண் பார்க்கக்கூட இங்கே யாரையும் வரச் சொல்ல மாட்டார்கள். எனக்கு எல்லாம் தெரியும். "நல்லா இருக்கு மேடம், போட்டுடலாம்" என்றேன். துறையை மூடினால் என் வேலையும்தான் போகும். மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்வார்கள் என்பதைச் சிரித்துக்கொண்டே கேட்டவள் நான்.

அன்று பத்து மணிவரை போட்ட நாற்காலிகள் காலியாகவே இருந்தன. அவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பதினொரு மணிக்கு ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். அப்பாவுக்கு நெற்றி நிறைய விபூதி, காலில் செருப்பில்லை. அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "படம் வரையற காலேஜ பாக்கணும்னா வரமாட்டாரு மேடம். கிரிவலம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்." திரும்பி வந்த அப்பா, "வேலை கெடைக்கும்னு வர்ற வழியில இவ போன்ல படிச்சி காட்டுனா. சாமி கும்புட வந்ததுதான, அப்படியே பாத்துட்டு போலாம்னு வந்தோம்" என்றார். அவருக்குப் பின்னால் அப்படியே ஒவ்வொரு குடும்பமாக வந்தது. செய்யாற்றிலிருந்து, போளூரிலிருந்து, எல்லாரும் வெறுங்காலோடு. சாயங்காலத்துக்குள் பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். துறை பிழைத்தது.

திங்கட்கிழமை முதல்வர் முன்னால் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அன்னிக்குப் பௌர்ணமின்னே எனக்குத் தெரியாது சார். மேடம் ஊர்க்காரங்க, தெரிஞ்சேதான் போட்டுடலாம்னு சொல்லியிருக்காங்க. இது அவங்க யோசனை." முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். துளிகூட இல்லை. இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தெரிந்தேதான் சொன்னேன் என்பது உண்மைதானே, அதனால் சிரித்து வைத்தேன். அந்த வாரமே பக்கத்தில் ஒரு வரி சேர்ந்தது: பௌர்ணமியில் பார்வை நாள், யோசனை, அதற்குப் பக்கத்தில் என் பெயர்.

இரண்டு வருஷத்தில் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். பக்கம் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. வருஷாவருஷம் வைகாசிப் பௌர்ணமி தேதியை நான்தான் மாற்றிப் போடுகிறேன். புதிதாக வருகிற ஆசிரியர்கள், "எப்படி மேடம் தோணுச்சு?" என்று கேட்கிறார்கள். போன வாரம் தேதி மாற்றும்போது என் பெயரை அழித்துவிட்டு அவர் பெயரை அடித்தேன். ஒரு நிமிஷ வேலைதான். மேலிருந்து கீழ்வரை ஒரு முறை படித்தேன். பக்கம் முழுக்க ஏற்கெனவே அவருடையது, இந்த ஒரு வரிதான் எனக்கென்று இருக்கிறது. திரும்ப என் பெயரையே போட்டுச் சேமித்துவிட்டேன்.