அழித்த பின்னும் ஏழு நாள்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் சித்தப்பா. சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை, ஐடி வேலை, ஐயப்பன்தாங்கலில் சொந்த ஃபிளாட். நெமிலிச்சேரியிலிருந்து காரில் ஏற்றிக்கொண்டு வரப்பட்ட அத்தை. என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். ஐந்தாவது ஆள் எங்கள் குடும்பமே இல்லை. தண்ணி லாரி ஓட்டுகிறவர், போனில் உடைந்த டிஸ்ப்ளேயை மாற்றக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். யாரைப் பற்றிப் பேச வந்தார்களோ அந்த அக்கா அங்கே இல்லை. அவளுக்குச் சொல்லவே இல்லை.

கடை ஆவடியில். பத்துக்கு எட்டு, ஒரே ஷட்டர். செல்போன் சர்வீஸ். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடையைப் பூட்டிவிட்டு நாலு கடை தாண்டிப் போய், மறுபடி திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவன். வீட்டில் கேஸை மூடினோமா என்று ரயில்வே கேட்டில் நின்று மனைவிக்குப் போன் போடுவேன். இப்படிப்பட்டவன் ஒரு சர்வர் வைத்து நடத்தினால் என்ன ஆகும் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்கவே வராத பழைய கம்ப்யூட்டர் ஒன்று கவுண்டருக்கு அடியில் கிடந்தது. அதற்கு ஒரு புது டிஸ்க், ஒரு யுபிஎஸ். வீடியோ பார்த்துப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, புரியாத இங்கிலீஷை எழுத்துக் கூட்டித் தட்டி, மூன்று மாதத்தில் அதில் ஒரு சாட் சர்வரை ஓட வைத்தேன். அதோடு பாலங்கள். எங்கள் கடையில் பச்சை ஆப், நீல ஆப் என்றுதான் சொல்வோம். பச்சையில் இருப்பவர் நீலத்தில் இருப்பவரோடு பேச முடியாது. நடுவில் என் பெட்டி இருந்தால் முடியும். பச்சையில் ஒருத்தர் போட்டால் அது என் பெட்டிக்குள் வந்து, நீலமாகி வெளியே போகும். போகிற வழியில் ஒரு நகல் பெட்டியில் தங்கும். அந்த நகலை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் எதற்கு என்றால், நிலம். முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் எங்கள் தாத்தா வழியில் வந்த துண்டு ஒன்றை ஃபிளாட் கட்டுகிறவர் கேட்டார். நாலு பங்கு. இறந்துபோன பெரியப்பாவின் பங்கு அவருடைய ஒரே மகளான அக்காவுக்கு. இறந்துபோன என் அப்பாவின் பங்கு எனக்கு. அத்தைக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று. பேச்சு தொடங்கியதிலிருந்து தினம் சண்டை. சித்தப்பாவுக்குப் பச்சை ஆப்பில் வாய்ஸ் மட்டும்தான் வரும். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. மருமகள் சாயந்திரம் போட்டுக் காட்டினால் கேட்டுக்கொள்வாள். அக்கா பச்சையில் டைப் அடிப்பாள். தம்பி மட்டும் பச்சைக்கு வரவே மாட்டான். "அது நம்ம பர்சனல் டேட்டாவை எடுக்குதுண்ணா" என்று நீலத்தில் இருந்தான். எல்லாரையும் ஒரே இடத்தில் பேச வைக்கிறேன் பார் என்று நான்தான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஆடி மாதம் குலதெய்வக் கோயிலில் வரி வசூலுக்குக் கூடியபோது எல்லார் முன்னாலும் பெருமையாகச் சொல்லவும் செய்தேன், இனிமேல் எதுவும் தொலையாது என்று.

அட்வான்ஸ் இருபத்து நாலு லட்சம் வந்தது. ஆளுக்கு ஆறு. மொத்தமும் சித்தப்பா கையில்.

அக்காவைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும்: புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், பட்டாபிராமில் வாடகை வீடு, எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல், பெண் ஒருத்தி காலேஜில். அந்த ஆறு லட்சம் வந்தால்தான் அந்த வீட்டில் மூச்சு விட முடியும்.

சித்தப்பா கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

"டேய், அவ போன வாரம் ஒண்ணு போட்டா. எனக்குப் பங்கு வாணான்னு. ரெண்டு நிமிசத்துல அழிச்சிட்டா. அத்த எடு."

"அழிச்சா போயிடும் சித்தப்பா."

"எதுவும் தொலையாதுன்னு கோயில்ல பீத்திக்கினியே?"

நான் பதில் சொல்வதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "நான் படிச்சுப் பார்த்தேண்ணா. அழிச்சா எல்லார் போன்லயும் மறைஞ்சிடும். ஆனா சர்வர்ல ஒரிஜினல் ஏழு நாள் இருக்கும். டீஃபால்ட் செட்டிங். இன்னிக்கு ஆறாவது நாள்."

அது உண்மை. அந்த ஏழு நாளைப் பூஜ்யமாக்கவும் எனக்குத் தெரியும். ஒரு வரி மாற்றினால் போதும். மாற்றவில்லை. நாளைக்கு யாராவது தவறிப்போய் அழித்துவிட்டு, உன் பெட்டிதான் முழுங்கிவிட்டது என்று என்மேல் பழி போட்டால் என்ன செய்வது என்ற பயம். என்னுடைய பயம்தான் அவள் அழித்ததை ஆறு நாள் பத்திரமாக வைத்திருந்தது.

சித்தப்பா எதற்கு அதைக் கேட்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் பங்காளிகளுக்குள் பத்திரத்துக்கு முன்னால் வாய்ச்சொல். பங்கு வேண்டாம் என்று மூத்தவர் காதில் விழும்படி ஒருத்தர் சொல்லிவிட்டால் முடிந்தது. அதன்பிறகு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி வாசலில் வந்து நிற்பார்கள். போடாவிட்டால் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகமாட்டார்கள். உயிரோடு இருப்பவர்களில் மூத்தவள் அத்தை. காதில் விழ வைக்கத்தான் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"இன்னா அண்ணாத்தே," என்றார் லாரிக்காரர், "டிஸ்ப்ளே மாத்தற கடைன்னு வந்தா பஞ்சாயத்து நடக்குது. டோக்கன் எதுனா எடுக்கணுமா?"

"நீ உன் வேலயப் பாரு நைனா," என்றார் சித்தப்பா.

"என் வேல அவரு கையிலதான் கீது நைனா."

நான் கவுண்டருக்கு அடியில் குனிந்து கீபோர்டை எடுத்தேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். டிஸ்க் போய்விட்டது, கரண்ட் போய்விட்டது, எதையாவது சொல்லியிருக்கலாம். தம்பி தோளுக்கு மேலே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேடச் சொன்னதைத் தேடினேன்.

சர்வீஸ் கடைக்காரன் கையில் ஊரின் அந்தரங்கமெல்லாம் வந்து போகும். எத்தனை போன், எத்தனை பாஸ்வேர்டு. ஒரு நாளும் நான் கேலரியைத் திறந்ததில்லை. அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு. அன்றைக்குத்தான் புரிந்தது: திறந்து பார்க்காமலேயே இவ்வளவு நாளும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அக்கா அழித்த அந்த மத்தியானத்தில் அழிக்கப்பட்டவை இரண்டு இருந்தன. இரண்டாவது அக்காவுடையது. முதலாவது ஒரு வாய்ஸ். நாற்பத்தொரு விநாடி. அனுப்பியவர் சித்தப்பா.

"படிடா," என்றார்.

படித்தேன். "எனக்கு ஒரு பங்கும் வாணாம். எங்கப்பன் நெலத்த நீங்களே துன்னுங்க."

"கேட்டுக்கினியாக்கா?" சித்தப்பா அத்தையிடம் திரும்பினார். "நான் சொன்னப்ப நம்பல நீ. அவ வாயால வாணான்னுட்டா. இனிமே மூணு பங்குதான்."

அத்தை என்னைத்தான் பார்த்தாள். "அவ இன்னாத்துக்குடா அப்படிச் சொன்னா? சும்மா சொல்றவ இல்லியே அவ."

"ராங்கி புடிச்சவ. வேற இன்னா," என்றார் சித்தப்பா.

"உன்னக் கேக்கல."

தைரியத்தில் சொன்னேன் என்று எழுதினால் பொய். மூத்தவள் கேட்கிறாள், சொல்லாமல் விட்டால் நாளைக்கு அதுவும் என் தலையில் விழுமே என்ற பயத்தில்தான் சொன்னேன். "இதுக்கு முன்னாடி ஒண்ணு கீது அத்தை. வாய்ஸு. சித்தப்பாவது."

"அது சும்மா, தவறிப் போட்டது. அத்த இன்னாத்துக்கு எடுக்கற?"

தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான். "அண்ணா, அது வேணாம். அது அப்பாவோட பர்சனல்."

"அடடா," என்றார் லாரிக்காரர். "அந்தம்மாவுது மட்டும் பொதுவா மாமே?"

"போடு," என்றாள் அத்தை.

போட்டேன். பின்னால் டிவி ஓடுகிறது. சித்தப்பா எதையோ மென்றுகொண்டே பேசுகிறார். "புருஷன் உட்டுட்டுப் போனவளுக்கு நெலத்துக் காசு இன்னாத்துக்கு? நாளிக்கு எவன் ஊட்டுக்குப் போவுமோ அந்தக் காசு, யாருக்குத் தெரியும். உங்கப்பன் ஆஸ்பத்திரில கெடந்தப்ப கட்னவன் நானு. பொணத்த வாங்கறதுக்குக் கூட நான்தான் கட்னேன். அத்தக் கழிச்சா உனுக்கு இன்னா மிச்சம்?" அப்புறம் மெல்லுகிற சத்தம். ஏப்பம். விரலை எடுக்க மறந்துபோய் இன்னும் சில விநாடி டிவி மட்டும்.

அந்த மெல்லுகிற சத்தம் இன்றைக்கும் எனக்குச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் கேட்கிறது. அவர் திட்டியது கூட எனக்குப் பெரிதில்லை. கோபத்தில் மனுஷன் எதையும் பேசுவான். தின்றுகொண்டே, நிதானமாக, மீன் விலை பேசுகிற மாதிரி பேசியிருந்தார். பேசிவிட்டு, அவள் கேட்டுவிட்டாள் என்று தெரிந்ததும் அழித்திருந்தார்.

அத்தை எழுந்தாள். "நீயும் எங்கம்மா வயித்துலதான பொறந்தே," என்றாள். காரில் ஏறமாட்டேன் என்று ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள்.

சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில் செருப்பால் அடிக்கிற தூரம்தான் பாக்கி. "கூட கீறவங்க பேச்செல்லாம் புட்சி வெச்சிக்கினு பொழைக்கிறியே, த்தூ," என்றார். அவர் சொன்னார் என்பதற்காக அது பொய்யாகிவிடாது. தம்பி மட்டும் இரண்டு நிமிஷம் பின்தங்கி நின்றான். "அந்த ஃபைலை டெலீட் பண்ணிடுண்ணா. பிரைவசின்னு ஒண்ணு இருக்கு இல்ல?" முகத்தில் கொஞ்சமும் கூச்சமில்லை. அலுவலகத்தில் யாரிடமோ பேசுகிற குரல்.

அவர்கள் போனதும் லாரிக்காரர் எழுந்து வந்து கையை நீட்டினார்.

"அண்ணாத்தே, என் போனைக் குட்த்துடு."

"பத்து நிமிசம்ணே, முடிச்சிடறேன்."

"வாணாம். ஒடஞ்ச டிஸ்ப்ளேயே போதும்."

பழைய டிஸ்ப்ளேயை ஒட்டிக் கொடுத்தேன். அவர் போனைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். நான் கடை வரிசையின் கோடியில் இருந்த குழாயில் கையைக் கழுவினேன். சோப்பு போட்டு இன்னொரு தரம் கழுவினேன்.

சாயந்திரமே பட்டாபிராம் போனேன். நல்ல செய்தி சொல்லப் போகிறவன் மாதிரி, வழியில் அரைக் கிலோ ஆப்பிள் கூட வாங்கினேன். அக்கா வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அத்தை உன் பக்கம்தான் என்றேன். அவள் முகம் மலரவில்லை.

"நான் அழிச்சது உன்னாண்ட இருந்துச்சா?"

"ஏழு நாள் இருக்கும்க்கா. அது மிஷின் செட்டிங்கு."

"அந்தாளு பேசினதும்?"

"ம்."

"எல்லார் காதுலயும் போட்டியா? கடைல? வேத்து ஆள் இருக்கறப்ப?"

அவள் உட்காரச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அந்தாளு பேசினத ஒரு தரம் கேட்டதுக்கே நான் ரெண்டு நாள் சோறு துன்னல. நீ மைக்கு வெச்சிப் போட்டிருக்கே. நான் கோவத்துல ஒண்ணு சொன்னேன், தப்புன்னு தோணிச்சி, அழிச்சிட்டேன். அழிச்சா அழிஞ்சிடணும்டா. என் குப்பையக் கிளறி எனக்கே நல்லது பண்ணேன்னு ஆப்பிள் வாங்கினு வந்துகீறே." வாசலில் கிடந்த என் செருப்பைக் காட்டினாள். "உன் பொட்டியும் வாணாம், நீயும் வாணாம். கெளம்பு."

பெண் உள்ளே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்க்காத மாதிரி இருந்தாள். ஆப்பிளை வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன். அதையும் எடுத்துப்போ என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் கடையைத் திறந்ததும் எல்லாவற்றையும் துடைத்தேன். பாலம், குரூப், வாய்ஸ்கள். தொலைந்துவிடுமே என்று வாரா வாரம் எடுத்து வீட்டுப் பீரோவில் துணிக்கு நடுவே வைத்திருந்த டிஸ்க்கையும் கொண்டு வந்து, ஸ்க்ரூ கழற்றி, உள்ளே இருந்த தட்டைச் சுத்தியால் அடித்தேன்.

துடைத்துவிட்டேன் என்று எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன். சித்தப்பா நம்பவில்லை. தம்பி நிச்சயமாக நம்பவில்லை. எங்கேயோ ஒரு பேக்கப் இருக்கும் என்று அவனுக்குப் படிப்பு சொல்கிறது. அதனால் நடந்தது இது: ஒரு வாரத்துக்குள் என் பங்கு ஆறு லட்சமும் என் அக்கவுண்டில் விழுந்தது. நான் கேட்கவே இல்லை. அத்தையின் பங்கு அடுத்த மாதம். "பாத்துக்கடா," என்று மட்டும் சித்தப்பா போனில் சொன்னார், முன்பு ஒருநாளும் என்னிடம் பேசாத மரியாதையான குரலில். அவர் கொடுத்தது பங்கு இல்லை, வாயை மூடக் காசு. அதை நான் திருப்பி அனுப்பவில்லை. டிஸ்க் இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதை எழுதும்போது என்மேலேயே எனக்கு வீச்சம் அடிக்கிறது.

அத்தை விடவில்லை. பங்கு நாலுதான், ஆஸ்பத்திரிக் கணக்கையும் கழிக்கக் கூடாது என்று கோயிலில் வைத்துச் சொன்னாள். சித்தப்பாவும் எல்லார் முன்னாலும் தலையாட்டினார். அக்காவிடம் எந்தக் குரலும் எழுத்தும் இல்லை, சித்தப்பா பயப்பட அவளிடம் என்ன இருக்கிறது? அவளுக்கு முதலில் ஒரு லட்சம், நாலு மாதம் கழித்து எழுபத்தைந்தாயிரம். என் பங்கிலிருந்து கொஞ்சம் தருகிறேன் என்று ஆள் விட்டேன். அந்தக் காசு நாறுது என்று சொல்லி அனுப்பினாள். அதோடு இரண்டு வருஷம் ஆகிறது. சித்தப்பா அவளுக்குக் கொடுக்க வேண்டியது இன்னும் நாலு லட்சத்து இருபத்தைந்தாயிரம்.