சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியவர்

எரிந்துபோன மோட்டாரின் காயிலைப் பிரித்துக்கொண்டே கிட்டு பக்கத்துக் கடையைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார். "தம்பி, செத்த வாங்களேன். இவனுக்குப் பொறந்தநாளாம், என்னய வாழ்த்தச் சொல்லுதான். இவன் யாருன்னே தெரியல."

பக்கத்துக் கடை என் ஜெராக்ஸ் கடை. வாழ்த்தச் சொல்வது ஃபேஸ்புக். காலையிலிருந்து இது எத்தனையாவது சந்தேகம் என்று எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். போகாவிட்டால் அவரே வந்துவிடுவார். கடையில் ஆள் நிற்கும்போது வந்து, "முந்தா நாளு ஒருத்தன் அனுப்புன கும்பிடுக்கு இன்னிக்குத் திருப்பிக் கும்பிடலாமா?" என்பார்.

கோவில்பட்டி எட்டையபுரம் ரோட்டில் காயில் கட்டும் கடை அவருக்கு. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமம், வீட்டில் தெலுங்கு. அறுபதைத் தொட்டுவிட்டார். மிளகாய்த் தோட்டத்துக்காரர்கள் எரிந்த மோட்டாரை டிவிஎஸ் எக்ஸெல்லில் வைத்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். "அண்ணாச்சி, செடி வாடுது" என்பார்கள். "நாளைக்கு வா" என்பார். எந்த மோட்டாருக்கும் அதே பதில்தான். செல்போனைத் தொடுமுன் வேட்டியில் விரலைத் துடைத்துக்கொள்வார், ஆனாலும் கண்ணாடி முழுக்க வார்னிஷ் ரேகை. குழப்பம் முற்றினால் வாயில் தெலுங்கு வந்துவிடும். "ஏமிரா இதி", என்னடா இது என்று செல்போனையே கேட்பார்.

கருத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. "பேஸ்புக்கு ரோடு தம்பி. எவன் வேணா போவான், எவன் வேணா துப்புவான். வாட்ஸப்பு வீடு. வீடுன்னா முறை இருக்கு." அந்த முறைப்படி பெண்பிள்ளைகளின் ஸ்டேட்டஸைப் பார்க்க மாட்டார், அது அடுத்த வீட்டு ஜன்னலாம். யூடியூபில் காயில் கட்டச் சொல்லிக்கொடுப்பவனை மட்டும் தினமும் பார்த்துத் திட்டுவார். கேட்காமல் குரூப்பில் சேர்த்தால் கோபம் வரும். "கையப் பிடிச்சு உள்ள இழுத்துப் போடுதான். வா ஒரு வாய் தண்ணி குடின்னு சொல்றவனக் காணோம்." மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற இந்த நியாயத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ரம்மி, கடன் என்று வருகிற குரூப்புகளிலிருந்து வெளியே வர எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று மட்டும் காட்டிக்கொடுத்தேன். அதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்.

போன மாதம் முத்துசெல்வம் இறந்துபோனார். நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர், கிட்டுவுக்கு உயிர்ச் சிநேகிதர். சாயங்காலமானால் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு டீ குடிப்பார்கள். மகன் ஹரி தோஹாவிலிருந்து ஓடி வந்தான். கிட்டு கடையைப் பூட்டிவிட்டுப் போனவர், பந்தல் போட்டதிலிருந்து சுடுகாடுவரை கூடவே நின்றார். திரும்பி வந்தபின் சில நாள் என்னிடம் சந்தேகமே கேட்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் தானாக வந்து நின்றார். "தம்பி, பதினாறு வருதுல்லா. காரியம் எங்கன, எத்தன மணிக்குன்னு ஹரி ஒண்ணுமே சொல்லல. ரோட்ல பாத்தேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். நான் என்ன தப்பு செஞ்சேன்?"

கண் கலங்கியிருந்தது. அவர் போனை வாங்கிப் பார்த்தேன். 'அப்பா' என்று ஒரு குரூப். சென்னை, பெங்களூரு என்று சிதறிக் கிடக்கும் சொந்தங்களுக்காக ஹரி தொடங்கியது. அதில் கிட்டு எழுதியிருந்தது ஒரே வரி: 'முத்துசெல்வம் ஆத்மா சாந்தி அடையட்டும்.' அதற்குக் கீழே, நீங்கள் வெளியேறிவிட்டீர்கள் என்ற அறிவிப்பு.

"மாமா, குரூப்ப விட்டு ஏன் வெளிய வந்தீய?"

"துட்டி கேட்டேன், வந்துட்டேன்." துக்கம் விசாரித்தாராம்.

"ஒரு வார்த்த சொல்லாமலா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், இந்த ஊரில்தான் பிறந்தாயா என்பதுபோல. "கேத வீட்ல போயிட்டு வாரேன்னு எவனாவது சொல்லுவானா? சொல்லாமத்தான வரணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அங்கேயே நின்று ஹரிக்குப் போன் போட்டேன். எடுத்தவுடன் வெடித்தான். "எங்கப்பா கூடவே இருந்தவிய அண்ணே. சாம்பல் ஆறல, அதுக்குள்ள நீங்க யாரோ நான் யாரோன்னு போயிட்டாவ. வேண்டாம்னு போனவியள எப்படிக் கூப்பிட?"

"ஏலே, வேண்டாம்னு போகல. துட்டி கேட்டுட்டு, சொல்லிக்காம எந்திரிச்சு வந்திருக்காரு. அந்தக் குரூப்பு அவருக்குக் கேத வீடு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இதுக்காண்ணே நான் மாமாவப் பாத்து மூஞ்சியத் திருப்பினேன்" என்றான். அப்பாவை எடுத்த அன்றுகூட அழாதவன் என்று சொல்லிக்கொண்டார்கள் அவனை.

கொஞ்ச நேரத்தில் கிட்டுவின் போன் மணியடித்தது. ஹரி மறுபடி சேர்த்துவிட்டிருந்தான். கூடவே முத்துசெல்வத்தின் படம், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பது. அதன் கீழே ஒரு குரல் பதிவு. "மாமா, நாளக்கழிச்சு காலைல நம்ம வீட்லதான் காரியம். நீங்க வந்த பொறவுதான் தொடங்குவோம்."

கிட்டு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு செல்போனை இரண்டு கையிலும் ஏந்தியபடி என் கடைக்கு வந்தார். விரல் எதிலும் பட்டுவிடாமல் விரித்து வைத்திருந்தார்.

"தம்பி, இப்ப இதுலருந்து எப்படி வெளிய வர? சொல்லவும் கூடாது. சொல்லாம வந்தாலும் பய அழுதான்னு சொல்லுதீய."

"ஒண்ணும் செய்யாண்டாம் மாமா. பின்னால போற பட்டன அமுக்குங்க. குரூப்பு அங்கனயேதான் இருக்கும்."

"போன வாட்டியும் ஒரு பட்டனத்தான் அமுக்குனேன்" என்றார்.

எவ்வளவு சொல்லியும் தொடவில்லை. கடைக்குப் போய், டீ குடிக்கும் பெஞ்சில் தன் இடத்தில் உட்கார்ந்தார். போனைப் பக்கத்து இடத்தில் படம் தெரியும்படி வைத்தார். கேத வீட்டில் உட்காருவதுபோலத் தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். மோட்டார் கேட்டு வந்தவரிடம் கையை மட்டும் அசைத்தார். போனின் வெளிச்சம் மங்கி, திரை தானாக அணைந்தது. அதற்குப் பிறகுதான் எழுந்தார்.